குடும்பத்தோடு எல்லையில் நிறுத்தப்பட்டால்: விசா சிக்கல்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விமான நிலையத்தில் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் நிற்கிறது. மூன்று பேருக்கு எல்லாம் சரி. சின்னவளின் பாஸ்போர்ட் மட்டும் இன்னும் நான்கு மாதத்தில் காலாவதியாகிறது. போகும் நாடு ஆறு மாதம் கேட்கிறது. கவுண்டரில் இருப்பவர் மூன்று போர்டிங் பாஸ் தருவார், நான்காவதைத் தரமாட்டார். "பச்சைப் பிள்ளைதானே, அம்மா கூடத்தானே வருது" என்று எவ்வளவு மன்றாடினாலும் எடுபடாது.

எல்லைச் சட்டங்கள் முதலில் ஆளைத்தான் பார்க்கின்றன, குடும்பத்தை அப்புறம்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்போர்ட், ஒரு விசா, ஒரு கோப்பு. நால்வரில் யாருடைய தாள் பலவீனமோ, அதுவே மொத்தப் பயணத்தின் கதியை முடிவுசெய்யும். சிக்கல் வந்த பிறகு குடும்பத்தைக் காப்பாற்றுவதும் சில நேரம் அந்தத் தனிக் கோப்புதான், குறிப்பாகக் குழந்தையின் கோப்பு. அதனால் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியதிலிருந்து, நிறுத்தப்பட்டால், அடைத்துவைக்கப்பட்டால், திருப்பியனுப்பப்பட்டால் செய்ய வேண்டியது வரை வரிசையாகச் சொல்கிறேன். விதிகள் அடிக்கடி மாறும். இங்கே வரும் தொகைகளையும் காலவரம்புகளையும் கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படி 1: ஆவணங்களை ஆள்வாரியாகப் பாருங்கள்

எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் மேசையில் பரப்பி, ஒரு தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரிசை போடுங்கள். பாஸ்போர்ட் முடியும் நாள், விசா தொடங்கும் நாள், முடியும் நாள், எத்தனை முறை நுழையலாம், காலியாக எத்தனை பக்கம். பெரியவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகப் பத்து வருடம் தாங்கும். குழந்தைகளுடையது பல நாடுகளில் ஐந்து வருடம்தான். பெற்றோர் தங்கள் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையின் தேதியைக் கோட்டை விடுவது இதனால்தான்.

பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன. தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் கணக்கு வேறு: நீங்கள் அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்ல வேண்டும், அது கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிப்பதே இல்லை.

விசா வேண்டாம் என்று சொல்லப்படும் இடங்களிலும் இப்போது முன் அனுமதி கேட்கிறார்கள். அமெரிக்காவின் எஸ்டா, கனடாவின் இடிஏ, 2025-இல் விசா தேவைப்படாத பெரும்பாலான வெளிநாட்டவருக்கும் விரிவாக்கப்பட்ட பிரிட்டனின் இடிஏ எல்லாம் இந்த வகை. கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். இந்த அனுமதி பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டால் பழைய அனுமதி தானாக ஒட்டிக்கொண்டு வராது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் பெயர். டிக்கெட், விசா, பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்து எழுத்தாக ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

படி 2: விசா இருந்தால் மட்டும் போதாது, அது சரியான விசாவா?

விசா என்பது எல்லை வரை வந்து நின்று "உள்ளே வரலாமா" என்று கேட்பதற்கான அனுமதி. உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் எல்லையில் இருக்கும் அதிகாரி. சொன்ன நோக்கமும் கண்ணில் படும் நோக்கமும் ஒத்துப்போகவில்லை என்று அவருக்குத் தோன்றினால், பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தும் திருப்பியனுப்பலாம்.

குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். சுற்றுலா விசாவில் வருகிறார்கள். பெட்டியில் பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அப்பாவின் அனுபவச் சான்றிதழ் எல்லாம் இருக்கின்றன. இரண்டு வாரம் ஊர் சுற்ற வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்று அதிகாரி கேட்பார். தொலைபேசியைத் திறந்து பார்க்கும் அதிகாரம் பல நாட்டு அதிகாரிகளுக்கு உண்டு. "வந்து சேர்ந்ததும் வேலையைப் பார்த்துக்கலாம்" என்று உறவினர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், பயணம் அங்கேயே முடிந்துபோகும். தங்கி வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அதற்குரிய விசாவைத்தான் எடுக்க வேண்டும். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனையைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்து பார்க்காதீர்கள்.

இடையில் மாறும் விமான நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்கா வழியாகப் போகிறவர், வேறு நாட்டுக்குத்தான் போகிறார் என்றாலும், அங்கே இமிக்ரேஷன் வழியாகத்தான் வர வேண்டும். விசா இல்லாமல் டிரான்சிட் செய்யும் வசதியை 2003-இலேயே நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனிலும் ஷெங்கன் நாடுகளிலும் சில நாட்டவருக்கு விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தாலும் டிரான்சிட் விசா வேண்டும். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் இன்னொரு சிக்கல்: பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும்.

படி 3: முதல் எல்லை, விமான நிறுவனத்தின் கவுண்டர்

செக்-இன் கவுண்டரில் இருப்பவர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று கோபம் வருவது இயல்பு. தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதம் அந்த நிறுவனத்தின் தலையில்தான் விழும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி ஓர் ஆளுக்குக் குறைந்தது 3000 யூரோ. பிரிட்டனில் ஓர் ஆளுக்கு 2000 பவுண்டு. நுழைவு மறுக்கப்பட்டவரைத் திரும்பக் கூட்டிப்போகும் பொறுப்பும் ஏற்றிவந்த நிறுவனத்தையே சேரும். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் ஒன்பதாவது இணைப்பு அப்படிச் சொல்கிறது.

எந்த நாட்டவருக்கு எங்கே என்ன ஆவணம் தேவை என்பதை டிமாடிக் என்ற தரவுத்தளத்தில் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். பல விமான நிறுவனங்கள் இதே தகவலைத் தங்கள் இணையதளத்தில் பயணிகளும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனியாகப் போட்டுப் பாருங்கள், குறிப்பாக ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால். உங்களுக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஊழியர் மறுத்தால், சத்தம் போடாமல் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். மறுப்புக்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் பின்னால் டிக்கெட் பணத்தைக் கேட்டு வாங்குவது கடினம்.

படி 4: ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளையோடு போனால்

இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை நாடு தாண்டிக் கொண்டுபோவதைத் தடுக்க 1980-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கையே போடப்பட்டிருக்கிறது. அதனால்தான் தனியாக வரும் தாயையோ தந்தையையோ அதிகாரிகள் கூடுதலாக விசாரிக்கிறார்கள். பிள்ளையின் குடும்பப் பெயர் உங்கள் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம் இன்னும் கூடும்.

கையில் இருக்க வேண்டியவை: இரு பெற்றோர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ், வராத பெற்றோர் கையெழுத்திட்டு நோட்டரி முன் உறுதிசெய்த சம்மதக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட் நகல், தொடர்பு எண். விவாகரத்து ஆகியிருந்தால் குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்ற நீதிமன்ற உத்தரவு. இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். தாத்தா பாட்டியோடு போகும் பிள்ளைக்கு இரு பெற்றோரின் கடிதமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் போகும் நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இருக்கட்டும்.

படி 5: இமிக்ரேஷன் கவுண்டரில்

கேள்விகள் எளிமையானவைதான். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது, எப்போது திரும்புகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் உண்மையான, சுருக்கமான பதில். தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட், உறவினர் அழைப்புக் கடிதம் ஆகியவற்றை அச்செடுத்துக் கையில் வையுங்கள். விமான நிலைய இணைய வசதியை நம்பி எல்லாவற்றையும் தொலைபேசியில் மட்டும் வைக்காதீர்கள்.

ஷெங்கன் பகுதிக்கு அடிக்கடி போகிறவர்கள் 90/180 கணக்கைச் சரியாகப் போட வேண்டும். இன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் உள்ளே இருந்த மொத்த நாள் 90-ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய மின்னணுப் பதிவு முறை, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் எடுத்து வரவையும் போக்கையும் கணினியில் பதிகிறது. 12 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கைரேகை எடுப்பதில்லை, முகப்படம் மட்டும். முத்திரை மங்கலாக இருக்கிறது என்று அதிகாரி ஒரு நாள் இரண்டு நாளைக் கவனிக்காமல் விட்ட காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: கேட்டால் உண்மையைச் சொல். சில அதிகாரிகள் பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்கள். "இவங்க யாரு? எங்க போறீங்க?" பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பொய்யை ஏழு வயதுக் குழந்தை தடுமாறித் தடுமாறிச் சொல்வதைப் பார்ப்பதைவிட வேதனையானது வேறில்லை. அந்தத் தடுமாற்றமே சந்தேகத்துக்கு வலுவான காரணமாகவும் ஆகிவிடும்.

படி 6: தனி அறைக்கு அழைத்துப் போனால்

கவுண்டரில் திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்ட விசாரணைக்கு அழைத்துப் போவார்கள். மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். குழந்தையின் பால், மருந்து, மாற்றுத் துணி ஆகியவை செக்-இன் பெட்டியில் போய்விடாமல் கைப்பையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இந்த அறைக்காகத்தான்.

இந்த அறையில் சொல்வதும் கையெழுத்திடுவதும் பல வருடங்களுக்கு உங்களைத் தொடரும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மொழி. ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதற்காகச் சமாளிக்காதீர்கள். "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று தெளிவாகக் கேளுங்கள். பல நாடுகளில் தொலைபேசி வழியாகவே ஏற்பாடு செய்வார்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டிய ஒரு "ஆமாம்" உங்கள் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும்.

இரண்டாவது, பொய். விசா இல்லாமல் போவதைவிடப் பொய் சொல்லிப் போவது பல மடங்கு ஆபத்து. அமெரிக்காவில் மோசடியாகவோ முக்கிய விவரத்தைத் திரித்தோ விசாவும் நுழைவும் பெற முயன்றவருக்கு நுழைவுத் தடை வாழ்நாள் முழுக்க; விலக்கு பெறலாம், ஆனால் எளிதல்ல. கனடாவில் தவறான தகவலுக்கு ஐந்து வருடத் தடை. பிரிட்டனில் விண்ணப்பத்தில் ஏமாற்றினால் பத்து வருடம். ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு மூன்று வருடம், அடையாளத்தையே மறைத்தால் பத்து வருடம். பலர் அஞ்சி நடுங்குவது விசா காலாவதி பற்றி. அது சரிசெய்யக்கூடிய குற்றம். போலித் தாள் அப்படியல்ல. தெரியாத கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்வது பொய்யல்ல, அதற்குத் தண்டனையும் இல்லை.

மூன்றாவது, கையெழுத்து. நீட்டும் தாளில் என்ன இருக்கிறது என்று புரியும் வரை பேனாவை எடுக்காதீர்கள். அமெரிக்க எல்லையில் இரண்டு வேறு வேறு முடிவுகள் உண்டு. ஒன்று, உங்கள் நுழைவு விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டு போவது. மற்றது, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த விரைவு வெளியேற்ற உத்தரவு. நீதிபதி இல்லாமல் அதிகாரியே பிறப்பிப்பது, பொதுவாக ஐந்து வருடத் தடையோடு வருவது. இரண்டிலும் அடுத்த விமானத்தில் திரும்பத்தான் போகிறீர்கள், ஆனால் பின்விளைவு மலைக்கும் மடுவுக்கும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம்; ஆனாலும் "திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிப்பீர்களா" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்காதவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு.

ஷெங்கன் நாடுகளில் நுழைவு மறுத்தால் அச்சிட்ட படிவம் ஒன்றில் காரணத்தைக் குறித்துத் தந்தாக வேண்டும். மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு, ஆனால் மேல்முறையீடு செய்தாலும் திருப்பியனுப்புவது நிற்காது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு ஒரு காரணம், பிள்ளைக்கு வேறு காரணம் என்று இருக்கலாம்.

படி 7: தடுத்து வைத்தால், பிள்ளையைப் பிரியாமல் இருக்க

அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் "துளியும் சகிப்பில்லை" என்ற கொள்கையை அறிவித்து, அனுமதியின்றி எல்லை தாண்டிய பெற்றோர் மீது குற்ற வழக்குப் போட்டார்கள். பெற்றோர் சிறைக் காவலுக்குப் போனதும் பிள்ளைகள் "துணையில்லாத குழந்தைகள்" என்று வேறு துறையின் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எதிர்ப்பு வெடித்து, ஜூன் 20-இல் அந்த நடைமுறை நிறுத்தப்பட்டது. ஆறு நாளில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்க உத்தரவிட்டார். சொன்ன கெடுவுக்குள் முடியவில்லை. எந்தப் பிள்ளை எந்தப் பெற்றோருடையது என்பதை இரண்டு துறைகளும் சேர்ந்து பார்க்கும்படியான ஒழுங்கான பதிவே இருக்கவில்லை. பேசத் தெரியாத குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

இதிலிருந்து எந்த நாட்டுக்கும் பொருந்தும் ஒரு காரியத்தைச் செய்து வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன அட்டை: பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் முழுப்பெயரும் பாஸ்போர்ட் எண்களும், சொந்த நாட்டிலும் போகும் நாட்டிலும் நம்பகமான ஒவ்வொருவரின் தொலைபேசி எண், குழந்தை பேசும் மொழி, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மருந்து. அதோடு பிறப்புச் சான்றிதழின் நகல். அட்டையைப் பிள்ளையின் உடுப்பிலோ பையிலோ வையுங்கள், உங்கள் பையில் அல்ல. ஒரு எண்ணையாவது பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். காவலில் வைக்கும்போது தொலைபேசியை வாங்கிவிடுவார்கள். உங்களுக்கும் இரண்டு எண்களாவது நினைவில் இருக்கட்டும்.

காவலில் வைத்ததும் கேட்க வேண்டியவை சில உண்டு. "நாங்கள் ஒரே குடும்பம், ஒன்றாக வைக்க வேண்டும்" என்று வாயால் சொல்லி, எழுத்திலும் பதியச் சொல்லுங்கள். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவுப்படி உங்கள் நாட்டுத் துணைத்தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். வழக்கறிஞரோடு பேசும் வாய்ப்பைக் கேளுங்கள். அரசு செலவில் வழக்கறிஞர் எல்லா நாட்டிலும் கிடைக்கமாட்டார், அமெரிக்கக் குடியேற்ற வழக்குகளில் பொதுவாக உங்கள் செலவுதான். மருத்துவரிடம் பேச வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

குழந்தையைச் சிறைவைப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே இருக்கலாம் என்கிறது ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கை. நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை வெளியேற்றும் முன் தங்கவைக்கும் இடத்தில் 72 மணி நேரம், அமைச்சரின் ஒப்புதலோடு ஒரு வாரம் வரை என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு போட்டது. அமெரிக்காவில், குடியேறி வரும் பிள்ளைகளைக் காவலில் வைப்பது பற்றி 1997-இல் ஏற்பட்ட ஃபுளோரஸ் வழக்கு உடன்பாடு, 2015-இல் பெற்றோரோடு வரும் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பாகி, ஏறத்தாழ 20 நாள் என்ற வரம்பாக நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவிலோ செல்லுபடியாகும் விசா இல்லாத வெளிநாட்டவரைக் காவலில் வைத்தே ஆக வேண்டும் என்பது 1992 முதல் இருக்கும் விதி, காலவரம்பும் சட்டத்தில் இல்லை.

அந்த விதியின் கீழ் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம் பட்ட பாடு உலகறிந்தது. 2018 மார்ச்சில், தற்காலிக விசா காலாவதியான உடனேயே, பிலோவேலா என்ற சிறு ஊரிலிருந்து விடியற்காலையில் தாய், தந்தை, இரண்டு சிறு பெண்பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். 2019 ஆகஸ்டில் நாடு கடத்த விமானத்தில் ஏற்றியும் ஆகிவிட்டது. விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலேயே இறக்கினார்கள். பிறகு கிறிஸ்துமஸ் தீவுக் காவல். அவர்களை ஆஸ்திரேலியாவிலேயே நிறுத்தி வைத்தது இளைய பெண்ணின் தனி வழக்கு. அவளுடைய பாதுகாப்புக் கோரிக்கை முறையாகப் பரிசீலிக்கப்படவில்லை என்பதுதான் வாதம். 2020-இல் அவளுக்கு உரிய நியாயமான நடைமுறை மறுக்கப்பட்டது என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது, 2021-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஊர் மக்கள் விடாமல் நடத்திய இயக்கமும் ஆட்சி மாற்றமும் சேர்ந்து, 2022 ஜூனில் அவர்கள் பிலோவேலாவுக்குத் திரும்பினார்கள்; ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. பெற்றோரின் கோரிக்கைகள் தோற்ற பிறகும் பிள்ளைக்கென்று தனியாக ஒரு வழி இருக்கலாம். வழக்கறிஞரிடம் போகும்போது "என் பிள்ளையின் பெயரில் தனியாக ஏதாவது கோர முடியுமா" என்று கட்டாயம் கேளுங்கள்.

படி 8: திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்றால்

அப்படியொரு அச்சம் உண்மையாகவே இருந்தால், முதல் அதிகாரியிடமே, முதல் வாய்ப்பிலேயே சொல்லுங்கள். "திரும்பிப் போக எனக்குப் பயமாக இருக்கிறது, தஞ்சம் கேட்கிறேன்" என்ற நேரடியான வாக்கியம் போதும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பியனுப்பக் கூடாது என்கிறது. ஆபத்திலிருந்து நேராக வந்து தாமதமின்றி அதிகாரிகளிடம் முன்வருபவரை முறைகேடாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் ஆபத்து வெவ்வேறாக இருக்கலாம். மனைவி தன் அனுபவத்தைத் தனியாக, பெண் அதிகாரியிடம் சொல்ல விரும்பினால் அப்படிக் கேட்கலாம். ஆபத்து உங்கள் சொந்த அரசிடமிருந்தே என்றால் துணைத்தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்று அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் ஆகியவை அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடாதவை. அங்கே நாட்டுச் சட்டம்தான் பேசும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டப்படி செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சம் புகுந்து அரசிடம் பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு என்பது குடியுரிமை ஆகாது.

படி 9: உள்ளே வந்த பிறகு விசா முடிந்துபோனால்

காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். காலாவதியாகிவிட்டது என்றால், பிடிபடும் வரை காத்திருக்காமல் நீங்களாகவே போய் நிற்பது எப்போதும் மேல். தாய்லாந்து விதி இதைக் கண்ணாடி போலக் காட்டுகிறது: 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கியவர் தானாக விமான நிலையத்தில் வெளியேறினால் ஒரு வருடத் தடையில் தொடங்கும், பிடிபட்டால் சில நாள் தாமதம்கூட ஐந்து வருடத் தடை.

அமீரகத்தில் அபராதம் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் வீதம் ஏறும், ஒவ்வொருவருக்கும் தனியாக. நால்வர் குடும்பம் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிப்பார்கள். 2024 செப்டம்பரில் தொடங்கியது அந்த வருடக் கடைசி வரை நீட்டிக்கப்பட்டது. அது வரும்போது பயன்படுத்திக்கொள்ளலாம், வரும் என்று நம்பிக் காலம் தள்ளக் கூடாது. மலேசியாவில் உரிய அனுமதியின்றி நுழைந்தவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை சட்டத்தில் இடம் உண்டு. சிங்கப்பூரில் 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிய ஆணுக்குச் சிறையோடு குறைந்தது மூன்று பிரம்படி.

அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்து வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து. ஆனால் 18 வயது வரை பிள்ளை அங்கே இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. பெற்றோருக்குக் கதவு மூடியிருந்தாலும் பிள்ளைக்கு மூடியிருக்காது. படிப்புக்கு விண்ணப்பிக்கும் வயதில் இது பெரிய விஷயம்.

போன நாட்டில் குழந்தை பிறந்துவிட்டால் எங்கேயும் குடியுரிமை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 1986 முதலும் பிறப்பால் மட்டும் குடியுரிமை வருவதில்லை. அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா எடுக்காவிட்டால் அந்தப் பச்சைக் குழந்தையின் பெயரிலேயே அபராதம் ஓடத் தொடங்கும். பெற்றோரின் விசா எந்த நிலையில் இருந்தாலும் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். பயந்துகொண்டு பதியாமல் விட்டால் குழந்தைக்கு எந்த நாட்டிலும் தாள் இல்லாமல் போகும்.

ஏஜென்ட்டுகள் பற்றி

2022 ஜனவரி 19-இல் கனடாவின் எமர்சன் அருகே, அமெரிக்க எல்லையிலிருந்து சில மீட்டர் தொலைவில், அப்பா, அம்மா, 11 வயதுப் பெண், மூன்று வயதுப் பையன் நால்வரும் பனியில் உறைந்து இறந்து கிடந்தார்கள். குஜராத்திலிருந்து முறையாக விசா எடுத்துக் கனடாவுக்கு வந்தவர்கள். அங்கிருந்து இரவில் நடந்தே எல்லை தாண்டிவிடலாம் என்று ஆள் கடத்தும் கும்பல் அனுப்பியது. 2024 நவம்பரில் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2025-இல் தண்டனையும் விதித்தார்கள். "சும்மா கொஞ்ச தூரம் நடந்தா போதும்" என்று யாராவது சொன்னால் அந்த நால்வரை நினைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இழந்தாலும் பரவாயில்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

முறையான உதவி தேடுபவர்கள் பதிவுப் பட்டியலைப் பாருங்கள். பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை ஆணையம், கனடாவில் குடியேற்ற ஆலோசகர் கல்லூரி, ஆஸ்திரேலியாவில் குடிபெயர்வு முகவர் பதிவு ஆணையம் ஆகியவற்றின் இணையதளத்தில் ஆலோசகரின் பெயரைத் தேடலாம். பெயர் அங்கே இல்லை, வழக்கறிஞரும் இல்லை என்றால் வேண்டாம். ஆஸ்திரேலிய விசாவை அரசின் வீவோ தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். நிரப்பிய விண்ணப்பத்தின் நகல் தராத ஏஜென்ட்டிடம் கையெழுத்திடாதீர்கள். அவர் எழுதிய பொய்க்கும் பொறுப்பு விண்ணப்பதாரருக்குத்தான்.

படி 10: திருப்பியனுப்பப்பட்ட பிறகு

வந்து இறங்கியதும் எல்லாத் தாள்களையும் படமெடுத்து ஓரிடத்தில் சேருங்கள்: மறுப்புப் படிவம், உத்தரவு, விசாரணைப் பதிவின் நகல், டிக்கெட். மேல்முறையீட்டுக் கெடு சில நாள்களே இருக்கலாம் என்பதால் அதை முதலில் பாருங்கள். உங்களைப் பற்றி அந்த நாடு வைத்திருக்கும் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை பல நாடுகளில் உண்டு. அதிகாரி என்ன எழுதினார் என்று தெரியாமல் மறுபடி விண்ணப்பிக்காதீர்கள்.

ஐரோப்பிய நாடொன்று நுழைவுத் தடை விதித்தால் அது பொதுவாக ஷெங்கன் முழுக்கச் செல்லும், ஐந்து வருடத்தைத் தாண்டுவது அரிது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அடுத்த விண்ணப்பத்தில் "எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா, நாடு கடத்தப்பட்டீர்களா" என்ற கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம் வரும். "ஆம்" என்று எழுதி, என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கத்தில் விளக்கி, மறுப்புப் படிவத்தின் நகலை இணையுங்கள். பிள்ளையும் அன்று உங்களோடு திருப்பியனுப்பப்பட்டிருந்தால் பிள்ளையின் விண்ணப்பத்திலும் பதில் "ஆம்"தான். பதினைந்து வருடம் கழித்து அவளே படிப்புக்கு விசா கேட்டு நிற்கும்போது தேவைப்படும் என்பதால், அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.